பேர் கேட்காமல் விட்டவர்கள்

"இன்னாம்மா, இந்த வாரம் எந்த அரமனை?" என்று எதிர்வீட்டு அக்கா குழாயடியிலிருந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம் அது. குடத்தை இடுப்பில் வைத்தபடி எங்கள் எல்லோரையும் தலையிலிருந்து கால்வரை பார்ப்பாள். என் மாமியார் பதில் சொல்லாமல் முன்னால் நடப்பார். அவருக்குப் பின்னால் என் கணவர், அவர் தோளில் எங்கள் சின்ன மகள், அப்புறம் நான். எல்லோருக்கும் கடைசியில், சந்தின் சுவரை ஒட்டினாற்போல, தலையைக் குனிந்துகொண்டு பாப்பா வருவாள். பாப்பா என் கணவரின் தங்கை. அவளுக்கு வேறு பேர் உண்டு. ஆனால் வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் பாப்பா என்று கூப்பிட்டு, அறுபது தாண்டிய பிறகும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டோம்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் எங்களுக்கு ஊர் சுற்றுகிற குடும்பம் என்று பேர் விழுந்திருந்தது. மில் வேலைக்காரன் வீட்டுக்கு வாராவாரம் உல்லாசம் கேட்கிறதா என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். நாங்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை. பாப்பாவைக் காட்டப் போனோம்.

எங்கள் வீடு ஒரே அறை. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டுத் தூளியில் குழந்தை விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தடவை பெண் பார்க்க ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள். கேசரி, பஜ்ஜி வாசனை சந்து முழுக்கப் போயிற்று. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் தண்ணீர் பிடிக்கப் போனால், மாவு அரைக்கப் போனால், "சேதி வந்துச்சா? இன்னும் வரலியா?" என்று கேட்டுக் கேட்டுப் பாப்பாவை வெளியே தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டார்கள். அப்போதுதான் வரன் பார்த்துக்கொடுக்கிற பெரியம்மா ஒரு வழி சொன்னார். மல்லேஸ்வரத்தில் பூ விற்கிறவர். வீடு வீடாகப் பூ கொடுக்கப் போவதால் எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் பெண் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "வெளியில வெச்சுக் காட்டுங்க. புடிச்சா வீட்டுக்கு வரட்டும். புடிக்கலன்னா யாருக்கும் தெரியாம போயிடும்" என்றார். எங்களைப் போன்ற ஒற்றை அறை வீட்டுக்காரர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். சிலர் லால்பாக் பாறைக்குப் போவார்கள். நாங்கள் மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற திப்புவின் கோடை அரண்மனைக்குப் போவோம். அங்கே நிழல் உண்டு, புல்தரை உண்டு, பொம்பளைகள் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. இரண்டு வீட்டாரும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக்கூடாது. அவர்கள் அரண்மனை பார்க்க வந்தவர்கள், நாங்களும் அரண்மனை பார்க்க வந்தவர்கள், அவ்வளவுதான். வணக்கம் சொல்லக்கூடாது. பேர், ஊர் கேட்கக்கூடாது. அதெல்லாம் பூக்காரப் பெரியம்மா வழியாக இரண்டு பக்கமும் போயிருக்கும். பாப்பா மரப்படிகளில் ஏறி மாடிக்குப் போய் இறங்க வேண்டும். நடையில் ஊனம் இல்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் மகளைப் புல்லில் ஓடவிடுவோம். பாப்பா அவளைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். குரல் எப்படி என்று அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பிறகு மரத்தூண் ஒன்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். அந்த நிற்கிற நேரம்தான் அவளுக்குக் கொடுமை. பாப்பா நல்ல உயரம். பெரும்பாலும் வருகிற பிள்ளைகள் அவள் தோளுக்கோ காதுக்கோதான் வருவார்கள். அதனால் அவள் முதுகை வளைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, தன்னைச் சின்னதாக்கிக்கொண்டு நிற்பாள். என் மாமியாரே அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யாரும் பேச மாட்டோம். வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைத்த பிறகுதான் பாப்பா என் காதோரம் வந்து ஏதாவது சொல்லுவாள். "அண்ணி, அந்த அரமனைத் தூணுங்களுக்குக் கூட என்னைப் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்கும். வாய் இருந்தா அதுங்களும் வேணாம்னுதான் சொல்லும்." நான் சிரித்துவிடுவேன். சிரித்தபிறகு, சிரித்திருக்கக்கூடாது என்று தோன்றும். அவள் கண் அடுப்பிலேயே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியம்மா சொல்லி அனுப்பிய வரன், எல்லாவற்றிலும் நல்லது என்று என் கணவர் சொன்னார். பிள்ளைக்கு வேலை இருக்கிறது, உயரமானவர், குடிப்பழக்கம் இல்லை. பிள்ளை, பிள்ளையின் அம்மா, கல்யாணமான அக்கா என்று மூன்று பேர் நாலு மணிக்கு வருவார்கள். பிள்ளையின் தாய்மாமன் என் கணவர் வேலை செய்த மில்லிலேயே வேறு ஷிப்டில் இருந்தார். இது நடக்காவிட்டால் இனிமேல் வயதைக் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று மாமியார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் போய் முன்பக்கப் புல்தரையில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் காத்திருக்கிற மாதிரி தெரியும் அல்லவா?

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒரு அம்மா, உயரமான ஒரு பிள்ளை, கையில் ஒயர்க்கூடையும் பிளாஸ்கும் வைத்திருந்த ஒரு பெண். எங்களுக்குப் பக்கத்து நிழலிலேயே உட்கார்ந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். பாப்பா எழுந்து படியேறப் போனாள். அதற்குள் அந்த அம்மா என் மகளைப் பார்த்து, "கண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்துவிட்டார். முறைப்படி அவர்கள் எங்களிடம் பேசவே கூடாது. எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"உங்க பேத்தியா? துறுதுறுன்னு இருக்கா" என்று மாமியாரிடம் கேட்டார். "ஆமாம்மா. தோ, படியில நிக்கறது என் பொண்ணு" என்று மாமியார் தைரியமாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "எம்மா, எவ்ளோ ஒசரம்! எங்க வீட்டுல பரண்ல கை எட்டறதுக்கு ஒரு பொம்பள இல்ல. இவனை ஏறச் சொன்னா பரணே எறங்கி வந்துடும்" என்றார். "ம்மா, சும்மா இரு" என்று அந்தப் பிள்ளை சொன்னான். அவன் அக்கா சிரித்தாள். பாப்பாவும் சிரித்துவிட்டாள். வெளியாட்கள் முன்னால் அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். "ஏம்மா கூனிக்கினு நிக்கற? கடவுள் குடுத்தத யாராச்சும் மடிச்சு வெச்சுக்குவாங்களா? நிமிந்து நில்லு" என்றார் அந்த அம்மா. பாப்பா தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாமியார் தலையை அசைத்தார். அவள் நிமிர்ந்து நின்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயிலைப் பற்றி, மார்க்கெட்டில் தக்காளி விற்கிற விலையைப் பற்றி, இந்த அரண்மனையில் ராஜா எங்கே படுத்திருப்பார், சமையல்கட்டு எங்கே என்பதைப் பற்றி. "எவ்ளோ பெரிய வீடு கட்டியும் ஒரு அடுப்பங்கரையக் காணோமே, சோத்துக்கு ஓட்டலுக்கா போனாங்க?" என்று அந்த அம்மா கேட்க, என் கணவரே வாய்விட்டுச் சிரித்தார். நான் புது ஆட்களிடம் பேச மாட்டேன். அன்றும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். "நீ பேசவே மாட்டியா? உன் பங்கையும் சேத்து உன் மாமியார் பேசிடறாங்களா?" என்று என்னையும் விடவில்லை. பிறகு, கோயிலுக்கென்று வாங்கி வைத்திருந்த மல்லிகைச் சரத்தைக் கூடையிலிருந்து எடுத்தார். கொஞ்சம் கிள்ளி என் மகள் தலையில் வைத்தார். இன்னும் கொஞ்சம் கிள்ளி, "வா, நீயும் குனி" என்று பாப்பாவைக் கூப்பிட்டு அவள் பின்னலில் வைத்தார்.

என் மாமியார் புடவைத் தலைப்புக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது. பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு இல்லை. 

"நேரமாச்சும்மா, உள்ள விட்டுடுவாங்க" என்று அந்தப் பிள்ளை எழுந்தான். பிஸ்கட் சுற்றியிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த அம்மா முட்டியில் கை ஊன்றி எழுந்து, "வரோம்மா, நல்லா இருங்க" என்று சொன்னார். வாசல்வரை போய் அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அரண்மனையைப் பார்த்தானோ பாப்பாவைப் பார்த்தானோ, எனக்குத் தெரியாது. நாங்கள் பேர் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவர்கள் பேரும் ஊரும் பெரியம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயந்திரம் என் கணவர் சூடாக போண்டா வாங்கி வந்தார். "இவ்ளோ நல்லா பேசற சம்பந்தியம்மாவ நான் பாத்ததேயில்ல" என்று மாமியார் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பாப்பா பூவை எடுக்காமலேயே படுத்தாள். என் பக்கம் திரும்பி, "அண்ணி, பாத்தீங்களா, குப்பையக் கீழ போடல அவரு. பையில வெச்சுக்கினாரு" என்று ரகசியமாகச் சொன்னாள்.

மறுநாள் சாயந்திரம் பூக்காரப் பெரியம்மா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா ஆளுங்க நீங்க? ஒரே நாள்ல, ஒரே எடத்துல ரெண்டு பேருக்குப் பொண்ணு காட்டுவீங்களா? என் பேரு இன்னா ஆவறது?" என்று வாசலிலேயே நின்று கத்தினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. பெரியம்மா சொன்ன வரன் வீட்டார் வருகிற வழியில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்திருக்கிறார்கள். மில்லில் என் கணவரைப் பார்த்திருந்த தாய்மாமனும் அவர்களோடு வந்திருக்கிறார், அவர்தான் வாசலில் நின்று அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, வேறு ஒரு அம்மா பாப்பாவின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை வீட்டார் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

"அவங்கதான் நீங்க சொன்னவங்கன்னு நெனச்சோம் பெரியம்மா. அதே மாரி மூணு பேரு, அதே நேரத்துக்கு வந்தாங்க" என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

"யாருப்பா அவங்க? பேரு இன்னா?"

என் கணவர் மாமியாரைப் பார்த்தார்.

"ஊராச்சும் கேட்டீங்களா?"

பாப்பா அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். நேராகத்தான் நின்றாள். "அப்ப அவங்க யாரு?" என்று கேட்டாள். பெரியம்மாவிடம் கேட்டாளா, அண்ணனிடம் கேட்டாளா தெரியவில்லை. பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விட்டாள்.

எந்தப் பேச்சு சந்துக்குத் தெரியக்கூடாது என்று வாராவாரம் பஸ் ஏறிப் போனோமோ, அது ஒரே சாயந்திரத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. தாய்மாமன் மில்லில் பேசினார், பெரியம்மா பூக்கூடையோடு போகிற இடமெல்லாம் பேசினார். ஒருத்தர் பூ வைத்த பெண்ணை இன்னொருத்தருக்குக் காட்டுகிற வீடு என்று ஆகிவிட்டது. அதற்குமேல் வரன் வரவில்லை. என் மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலேயே பாப்பா தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி, போலாமா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். அதே நிழலில், இந்தத் தடவை வாசலைப் பார்த்து உட்கார்ந்தோம். அதற்கடுத்த வாரமும் போனோம். மழைக்காலம் முழுக்கப் போனோம். காவல்காரருக்கு எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. "ஏனம்மா, மத்தே பந்திரா?" என்று கன்னடத்தில் கேட்பார், மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று. பாப்பா, "ஹௌது, மத்தே பந்த்வி" என்று கன்னடத்திலேயே ஆமாம் போட்டுச் சிரிப்பாள். முன்னாலெல்லாம் அவளை அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் சட்டென்று சொன்னாள். "அண்ணி, பிளாஸ்க் எடுத்துக்கினு யாராச்சும் அரமனை பாக்க வருவாங்களா? உள்ள விட்டுடுவாங்கன்னு அவரு சொன்னாரே, அது ஆஸ்பத்திரி. பக்கத்துல பெரியாஸ்பத்திரி இருக்கு. யாரோ படுத்திருக்காங்க. உள்ள விடற நேரம்வரைக்கும் இங்க வந்து உக்காந்திருக்காங்க." நான் யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. கோயிலுக்குப் பூ வாங்கியதும் அதற்காகத்தான் இருக்கும். வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த இடத்திலா அந்த அம்மா எங்களை அவ்வளவு சிரிக்க வைத்தார்? பாப்பா வாசலையே பார்த்துக்கொண்டு, "பொழைச்சிருப்பாங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அதன் பிறகு எத்தனையோ வருஷம் கேட்டாள். ஊதுபத்தி அடுக்குகிற வேலைக்குப் போனபோதும், பிறகு கார்மெண்ட்ஸில் பொத்தான் துளை தைக்கிற காஜா மிஷினில் உட்கார்ந்தபோதும், ஏதாவது ஒரு ராத்திரிச் சாப்பாட்டில், சம்பந்தமே இல்லாமல், "அது யாரா இருக்கும்? அவங்க வீட்டுக்காரரா இருக்குமோ? பொழைச்சிருப்பாரு இல்ல?" என்பாள். "பொழைச்சிருப்பாரு" என்பேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு தடவை தனியாகப் போய், பார்வை நேரம் முடிகிறவரைக்கும் நின்று உயரமான ஆட்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். நடுவில், மனைவி இறந்துபோன ஒருவருக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல மனிதர். "எனக்குத்தான் பூ வெச்சாச்சே அண்ணி" என்றாள் பாப்பா. விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாமியார் கடைசிவரை அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிச் சொல்லி அழுது போய்ச் சேர்ந்தார். என் கணவரும் போனார். நானும் பாப்பாவும் மிஞ்சினோம். அவள் மட்டும் அந்த நாளுக்குப் பிறகு யார் முன்னாலும் முதுகை வளைத்து நிற்கவில்லை. வயதான பிறகும் சந்தில் அவள் தலை தனியாகத் தெரியும்.

இப்போது ஸ்ரீராம்புரத்திலேயே மெட்ரோ ஏறினால் மார்க்கெட்டில் போய் இறங்கிவிடலாம். போன வருஷம் வெயில் தணிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் தன் பிள்ளைகளோடு எங்கள் இரண்டு பேரையும் அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாப்பாவுக்கு அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. படியேறவில்லை. நிழலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, யார தேடற?" என்று மகள் கேட்டாள். "யாரையும் இல்ல, சும்மா" என்றாள். அந்த அம்மா உயிரோடு இருக்க மாட்டார், அந்தப் பிள்ளையே எதிரில் வந்து நின்றாலும் இப்போது அடையாளம் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

இந்த வருஷம் பாப்பா போய்விட்டாள். காலையில் காபி கேட்டவள், நான் ஆற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். சந்தில் ஷாமியானா போட்டார்கள். மகள் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். பாப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மகள் என் பக்கத்தில் வந்து குனிந்து, "ம்மா, எல்லாருக்கும் சொல்லியாச்சு. யாராச்சும் விட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு வீடு விட்டுப் போச்சு" என்றேன்.

"யாரும்மா? நம்பர் இருக்கா?"

"பேரு தெரியாது. ஒரு அம்மா, ஒரு பொண்ணு, ஒசரமா ஒரு பையன். உனக்கு பிஸ்கட் குடுத்தாங்களே" என்றேன். கூட்டத்தில் நான் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அப்போது ரொம்பச் சின்னவள், அவளுக்கு அது நினைவில்லை. "கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்று என் முதுகைத் தடவினாள்.

வண்டி வந்து சந்து முனையில் நின்றது. காரியம் செய்ய வந்த பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் யாராச்சும் வரணுமா, இல்ல எடுத்துடலாமா?" என்று பொதுவாகக் கேட்டார். வீட்டில் மூத்தவள் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தேன்.

"யாரும் வர மாட்டாங்க. எடுத்துடுங்க" என்றேன்.